பஸ்ஸில் ஏறக்கூடாத கில்ட்

இந்த நாட்டு ஆண்கள் இடுப்பில் கட்டும், மடிப்பு மடிப்பான கட்டம் போட்ட கில்ட்டை என் கணவர் டூகல் முன்னால் பாவாடை என்று சொல்லக்கூடாது. சொன்னால் மனிதர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வரலாறு பேச ஆரம்பித்துவிடுவார். அதனால் வாரத்துக்கு ஒரு முறையாவது நான் அப்படிச் சொல்வதுண்டு. கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகு இந்த மாதிரிச் சின்னச் சின்ன இன்பங்களை விட்டுக்கொடுக்க முடியாது.

தேசிய கால்பந்து அணி கிளாஸ்கோவில் ஆடும்போதெல்லாம் எங்கள் ஃபார்ஃபரிலிருந்து ரசிகர்களின் பஸ் ஒன்று கிளம்பும். கிளம்பும்போது ஊரே அதிரும். திரும்பி வரும்போது பெரும்பாலும் சாவு வீட்டிலிருந்து வருவது போலத்தான் வரும். எங்கள் மகள் எஃபி ஆறு வயதிலிருந்து அந்த பஸ்ஸுக்குத் தெருமுனையில் நின்று கையாட்டியவள். இப்போது பதினான்கு வயது. இந்த மார்ச் மாத ஆட்டத்துக்கு டூகல் அவளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருந்தார். அதை அவர் சொன்ன அன்றைக்கு அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். முதல் தடவை பஸ் ஏறுகிறவர்கள் சொந்த கில்ட்டில்தான் ஏற வேண்டும். இரவல் கூடாது, ஆகாதாம். இதை யார் எப்போது முடிவு செய்தார்கள் என்று கேட்டால் எல்லோரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். பஸ்ஸை நடத்துகிறவர் ஆர்ச்சி லியால். டயர் கடை வைத்திருக்கிறார். வாரம் முழுக்க நியாயமான மனிதர். பந்து உருள ஆரம்பித்தால் மட்டும் ஆளே மாறிவிடுவார்.

சரி, வாங்கிவிடலாம் என்று டண்டீயில் ஒரு நல்ல கடைக்குப் போனோம். கடைக்காரர் எஃபியின் இடுப்பை அளந்தார், மண்டியிடச் சொல்லி நீளம் அளந்தார், பிறகு விலையைச் சொன்னார். திரும்பச் சொல்லச் சொன்னேன். இரண்டாவது தடவையும் அதே விலைதான் வந்தது.

"வளர்ற பொண்ணும்மா," என்றார் அவர், நல்ல மனிதர். "கில்ட்டுக்குக் கீழ மடிச்சுத் தைக்கிறதில்ல, துணியோட கரைதான் ஓரம். நாளைக்கு இவ உசந்துட்டா இறக்கிவிட வழி கிடையாது. யோசிச்சுக்கோங்க."

யோசிக்க ஒன்றுமில்லை. எங்கள் காரின் விலை அது. அதுவும் கார் நல்ல நிலையில் இருந்தபோது.

அடுத்து சுற்றுலாப் பயணிகளுக்கான கடை. அங்கே மலிவாகத்தான் இருந்தது. நைலான் துணி, பக்கிளுக்குப் பதிலாக ஒட்டும் பட்டை. எஃபி அதைக் கட்டிக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்தாள். அவள் எழுந்தாள், கில்ட் எழவில்லை. நல்லவேளை, உள்ளே ஜீன்ஸ் போட்டிருந்தாள். வாடகைக் கடையில் கல்யாணமா என்று கேட்டார்கள். கால்பந்து என்றேன். சிரித்து வழியனுப்பி வைத்தார்கள்.

பஸ் கிளம்ப ஆறேழு வாரம் இருக்கும்போது, நான் வேலை பார்க்கும் பள்ளிச் சமையல்கூடத்திலிருந்து வழக்கமில்லாத ஒரு தெரு வழியாக வரும்போது, தர்மத்துக்காகப் பழைய சாமான் விற்கும் தர்மக் கடையின் கண்ணாடிக்குள் அதைப் பார்த்தேன். கரும்பச்சையும் நீலமும் கட்டம் கட்டமாக, நடுவில் மெல்லிய சிவப்புக் கோடு. கையால் தைத்தது. தூக்கிப் பார்த்தால் நனைந்த ஆட்டுக்குட்டி கனம். யாரோ அகலமான ஆளுடையது. பொம்மையின் இடுப்பில் நிற்க வைக்கத் துணிக் கிளிப் போட்டிருந்தார்கள். முன்பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை. விலை, எஃபிக்கு ஒரு ஜோடி பள்ளி ஷூ வாங்கும் காசு.

கடையில் இருந்த அம்மாள் நான் பையைத் திறப்பதற்குள் பில் போட்டு, மடித்து, கட்டி, இலவசமாக ஒரு சால்வையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். அந்த வேகத்தைப் பார்த்தாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்கே வந்தது? மலிவாக ஏதாவது கிடைத்தால் என் புத்தி விடுமுறைக்குப் போய்விடும்.

வீட்டில் எஃபி அதைக் கிட்டத்தட்ட இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். மண்டியிட்டுப் பார்த்தோம். ஓரம் தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. நீளம் அளந்து தைத்த மாதிரி. கூடம் முழுக்கச் சுழன்று சுழன்று ஆடினாள். மடிப்புகள் விசிறியாக விரிந்தன. அப்போதுதான் டூகல் உள்ளே வந்தார். வந்தவர் கதவைக்கூடச் சாத்தவில்லை.

"இது எங்க வாங்கின?"

"கடையில. நல்லா இருக்குல்ல?"

"கழட்டச் சொல்லு."

"ஏன், பூச்சி இருக்கா?"

"பூச்சி இருந்தா பரவால்ல. இது ஃபெர்கஸ் மில்னோட கில்ட்." கறையைத் தொடாமல் தூரத்திலிருந்தே காட்டினார். "அந்தக் கறை வெளிநாட்டு ஆட்டத்துல கொட்டின மீன் குழம்பு. எனக்குத் தெரியாதா? பக்கத்துல நான்தான் உக்காந்திருந்தேன்."

எஃபியின் முகம் வெளுத்துவிட்டதைப் பார்த்தேன். அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. கால்பந்துப் பேச்சு எடுத்தாலே எழுந்து போய்விடும் எனக்குத்தான் தெரியவில்லை. ஃபெர்கஸ் என்ற குள்ளமான, அகலமான, தங்கமான மனிதர் அந்த கில்ட்டைக் கட்டிக்கொண்டு போன ஆட்டம் ஒன்றில்கூட நம் அணி ஜெயித்ததில்லையாம். ஜெயிக்கிற மாதிரி இருக்குமாம், கடைசியில் கவிழுமாம். ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல். பஸ் அவர் இல்லாமல் போனது. அன்றைக்கு ஜெயித்துவிட்டார்கள். அதோடு தீர்ப்பு எழுதியாயிற்று. மனிதர் கில்ட்டைத் தர்மக் கடையில் போட்டுவிட்டு, நியூசிலாந்தில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். அந்த நாட்டுக்கு அதைக் கொண்டுபோகவில்லை. அவ்வளவு நல்லவர்.

"துணி எப்படிய்யா கோல் வாங்கும்?" என்றேன்.

"உனக்குச் சொன்னா புரியாது."

"புரியிற மாதிரி சொல்லேன். பாவாடைக்குக் கால் முளைச்சு, நடு மைதானத்துக்கு ஓடிப் போய்—"

"பாவாடைன்னு சொல்லாத!"

 எஃபி கில்ட்டைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். படி ஏறும் சத்தமே வரவில்லை. எப்போதும் குதிரை மாதிரி ஏறுகிறவள்.  இன்னொரு கில்ட் வாங்க வழியில்லை, இந்த கில்ட்டோடு பஸ் ஏற முடியாது. இந்தத் தடவையும் தெருமுனையில் நின்று கையாட்ட வேண்டியதுதானா என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

"கிளப்புல பேசுவோம்," என்றேன். "நானும் வர்றேன்."

"நீ வேண்டாமே," என்றார் டூகல்.

நான் கோட்டை மாட்டினேன்.

பஸ் ரசிகர்கள் கூடும் கிளப் என்பது மதுக்கடையின் பின்னறை. ஆர்ச்சி லியால் மேஜைத் தலைமாட்டில். பக்கத்தில் தபால்காரர் டேவி ரெய்ட். ஊரில் யாருக்கு என்ன கடிதம் வந்தது என்று கடிதத்தைப் பிரிக்காமலேயே சொல்லக்கூடியவர். எஃபி கில்ட்டை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும் இரண்டு பேர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

"பாப்பா," என்றார் ஆர்ச்சி ரொம்பக் கனிவாக, "உன்மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் கெடயாது. பொண்ணு தாராளமா வரலாம். கில்ட் மட்டும் வரக் கூடாது."

"அப்ப இவ ஜீன்ஸ் போட்டுக்கிட்டு வரட்டுமா?" என்றேன்.

"அய்யய்யோ. அதுவும் கூடாது."

"அப்ப எப்படித்தான் வருவா? தபால்ல அனுப்பவா?"

டேவி சிரிக்கப் போய், ஆர்ச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு இருமினார்.

நான் விடவில்லை. "ஃபெர்கஸ் போய் ஒரு வருஷம் ஆச்சு. இந்த ஒரு வருஷமா இந்த கில்ட் பஸ் ஏறவே இல்ல. எத்தன மேட்ச் ஜெயிச்சீங்க, சொல்லுங்க பாப்போம்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாட்டினார்கள் என்று நினைத்தேன். ஆர்ச்சி தொண்டையைச் செருமினார்.

"அது தர்மக் கடை ஷோகேஸ்ல நின்னுச்சு. எதிர்ல என்ன கடை?"

"டிவி கடை," என்றார் டேவி.

"எல்லா மேட்ச்சையும் பாத்திருக்கு," என்றார் ஆர்ச்சி துக்கமாக.

இதற்கு மேல் படித்தவர்கள் படிக்காதவர்கள் யாராலும் பதில் சொல்ல முடியாது. நான் எழுந்திருக்கப் போனேன். அப்போது எஃபி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கில்ட்டை மேஜைமேல் விரித்து, முன்மடிப்பைப் புரட்டினாள்.

"ஆர்ச்சி மாமா, இதோட உள்பக்கத்தப் பாருங்க."

"அதே கட்டம்தானம்மா."

"ஆமா. இந்த மாதிரிக் கட்டம் போட்ட டார்ட்டன் துணிக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். நல்ல பக்கம் கெட்ட பக்கம்னு கெடயாது. இப்ப சொல்லுங்க, இந்த உள்பக்கம் இதுவரைக்கும் எந்த மேட்ச்சப் பாத்துச்சு?"

 ஆர்ச்சி குனிந்து உள்பக்கத்தை உற்றுப் பார்த்தார். குற்றவாளியின் தம்பியைப் பார்க்கிற மாதிரி.

"அது ஃபெர்கஸோட முழங்காலத்தான் பாத்திருக்கும்," என்றார் டேவி மெதுவாக. "பாவம் அது."

"பிரிச்சு, திருப்பித் தைக்கிறேன்," என்றாள் எஃபி. "மேட்ச் பாத்த பக்கம் உள்ள போயிடும். பாக்காத பக்கம் வெளிய வரும். கறையும் உள்ள போயிடும். அதுக்கப்புறம் அது புது கில்ட்தானே?"

நான் பெற்ற பிள்ளை! எழுந்து கைதட்ட வேண்டும் போல இருந்தது. மடத்தனத்தோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது என்பது எனக்கு இத்தனை வயதில் தெரியவில்லை. இவள் அதன் தோளில் கைபோட்டுக் கூடவே நடந்துபோய்விட்டாள்.

அரை மணி நேரம் வாதம் நடந்தது. நாடாளுமன்றத்தில்கூட இவ்வளவு அக்கறையாகப் பேசியிருக்க மாட்டார்கள். கடைசியில் ஆர்ச்சி நிபந்தனைகளைச் சொன்னார். பழைய நூல் ஒரு இழைகூட இருக்கக் கூடாது. "நூலுக்கு ஞாபகம் ஜாஸ்தி," என்றார். அப்புறம் என்னைப் பார்த்து விரலை நீட்டினார்.

"நீங்களும் பஸ்ல வரணும். ஜாமீனா வர்றவங்களுக்கு கில்ட் வேணாம், டிக்கெட் நான் பாத்துக்கறேன். ஏதாவது ஆச்சுன்னா பதில் சொல்ல ஒரு ஆள் வேணும்ல?"

"எனக்குக் கால்பந்தே பிடிக்காது."

"எங்களுக்கு மட்டும் பிடிச்சா வர்றோம்?" என்றார் ஆர்ச்சி.

அடுத்த வாரங்களில் எங்கள் சமையலறையில் சமையல் தவிர எல்லாம் நடந்தது. நானும் எஃபியும் தையலைப் பிரித்தோம். மடிப்புகள் ஒவ்வொன்றாக விடுபட, துணி நீண்டுகொண்டே போனது. சமையலறையில் ஒரு முனை, வாசற்கதவில் மறுமுனை. இவ்வளவு துணியை ஒரு மனிதர் இடுப்பில் சுமந்துகொண்டு தோல்வியையும் சுமந்தாரே என்று எனக்கு ஃபெர்கஸ்மேல் இரக்கமே வந்துவிட்டது. ஈரத்துணி போட்டு இஸ்திரி வைத்தால் வீடு முழுக்க மழையில் நனைந்த ஆட்டு வாசம்.

பிரிப்பது சுலபம். திரும்ப மடிப்பதுதான் உயிரை வாங்கியது. ஒவ்வொரு மடிப்பும் விழுகிற இடத்தில் கட்டம் தொடர்ந்து ஓட வேண்டும். தைத்து முடித்த பிறகும் பின்பக்கம் முழுத்துணி மாதிரியே தெரிய வேண்டும். எஃபி போனில் யாரோ ஒரு பெண் தைப்பதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். முதல் தடவை தைத்து நிமிர்ந்தபோது சிவப்புக் கோடு மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து போயிருந்தது. அவள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். எனக்கும் அதே வார்த்தைதான் வாயில் வந்திருந்தது என்பதால் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். முழுவதையும் பிரித்து மறுபடி தைத்தோம். அகலத்தை வெட்டவில்லை. மிச்சத் துணியை உள்மடிப்பில் ஒளித்து வைத்தோம். இடுப்பு பெருத்தால் விட்டுக்கொள்ளலாம். உயரத்துக்குத்தான் ஒன்றும் செய்ய முடியாது, அவளை வளராதே என்று சொல்வதைத் தவிர.

டூகல் டீ கோப்பையோடு எட்டிப் பார்த்தார்.

"அப்பா, டீயோட கிட்ட வராத!"

"உதவி ஏதாவது—"

"வெளிய!" என்றோம் இரண்டு பேரும்.

பஸ் நாளன்று காலையில் எஃபி தடித்த காலுறை, பூட்ஸ், நீல ஜெர்சி, இடுப்பில் அந்த கில்ட் என்று வந்து நின்றாள். ஆர்ச்சி பஸ் படியில் நின்று சுங்க அதிகாரி மாதிரிச் சோதித்தார். பக்கிளைத் திருப்பிப் பார்த்தார், தையலை விரலால் நீவினார். ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னார். சுற்றினாள். பின்பக்கம் சிவப்புக் கோடு ஒரு இடத்திலும் பிசகவில்லை.

"பழைய நூல்?"

"அடுப்புல போட்டாச்சு."

"ஏறு."

அவள் பழையபடி குதிரை மாதிரிப் படி ஏறினாள். என் சந்தோஷத்தை மறைக்க டூகலைத் திட்டினேன், என்னத்துக்கு என்று இப்போது நினைவில்லை.

போகும்போது பஸ்ஸில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. சூடான பிரைடிகள் கை மாறின, கறியும் வெங்காயமும் வைத்துச் சுட்டது, ஊரிலேயே நல்ல பேக்கரியிலிருந்து. பாட்டுகள் ஓடின. எதிரணி, வரைபடத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய ஒரு குட்டி நாடு. அவர்கள் கோச்சே வாரநாளில் வேறு வேலைக்குப் போகிறார் என்று டேவி சொன்னார். எஃபி எல்லாப் பாட்டுக்கும் எல்லா வரியும் தெரிந்தவளாகப் பாடிக்கொண்டு வந்தாள். இத்தனை வருடம் தெருமுனையிலிருந்து கேட்டே கற்றிருக்கிறாள்.

ஆட்டத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? நம் ஆட்கள் பந்தை வைத்துக்கொண்டே இருந்தார்கள். கோலுக்குள் மட்டும் போடவில்லை. முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எதிரணியில் ஒரு ஒல்லிப் பையன் எல்லோருக்கும் மேலே எகிறித் தலையால் ஒரு தட்டுத் தட்டினான். அவ்வளவுதான்.  எஃபி இரண்டு கையாலும் கில்ட்டின் மடிப்பை இறுகப் பிடித்தபடி நின்றாள்.

மழையில் நடந்து பஸ்ஸுக்கு வந்தோம்.  யாரும் எஃபியைப் பார்க்கவில்லை, அதுதான் மோசம். பஸ் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜன்னலில் இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை. எஃபி தன் கோட்டைக் கழற்றி மடியில் பரப்பி, கில்ட்டை மூடிக்கொண்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்குள் கொதித்தது. யாராவது ஒருத்தர் அந்த கில்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லட்டும், அவரை இந்த நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிட்டுவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

பாதி வழியில் பெர்த் என்ற ஊரைத் தாண்டும்போது டேவி எழுந்து நின்றார். நானும் முஷ்டியை மடக்கினேன்.

"ஒண்ணு சொல்லணும்," என்றார். "எழுவதாவது நிமிஷம் நான் 'இனிமே பயமில்ல'ன்னு சொல்லிட்டேன். வாய் விட்டுச் சொல்லிட்டேன். என்னாலதான்."

பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: "இல்ல டேவி. நான் இன்னிக்குப் புது சாக்ஸ் போட்டேன்."

"நான் எப்பவும் நிறுத்துற எடத்துல நிறுத்தல," என்றார் டிரைவர், ரோட்டைப் பார்த்தபடியே. "எடம் இருந்துச்சு. இருந்தும் நிறுத்தல."

"நான் பிரைடிய பாதில வச்சிட்டேன்," என்றார் டூகல். அது பச்சைப் பொய். அவர் தன்னுடையதைத் தின்றுவிட்டு என்னுடையதையும் தின்றதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

கடைசியில் ஆர்ச்சி எழுந்தார். "யாரும் சண்ட போட வேணாம். நான்தான். மேட்ச் நாள்ல நான் ஷேவ் பண்றதே கெடயாது. இன்னிக்குக் காலைல பண்ணிட்டேன்."

பஸ் விளக்கில் அவர் தாடையில் மூன்று நாள் முள் வெள்ளையாக மின்னியது. யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. என் முஷ்டி எப்போது தளர்ந்தது என்று தெரியவில்லை. இந்த மடையர்களையா நான் நெடுஞ்சாலையில் இறக்கிவிடப் போனேன்?

"நானும்தான்," என்று ஒரு குரல் கேட்டது. என் குரல். "சீக்கிரம் முடிஞ்சு தொலஞ்சா வீட்டுக்குப் போலாம்னு நெனச்சேன். அந்தக் கோலுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என்னுடையது ஒன்றுதான் உண்மை என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது போல.

அப்போது எஃபி எழுந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருக்கீங்களா? சாக்ஸும் இல்ல, பிரைடியும் இல்ல, என் கில்ட்டும் இல்ல. அவங்க நம்மள விட நல்லா ஆடினாங்க. அவ்வளவுதான்!"

 டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்ததில் வண்டி கொஞ்சம் ஓரமாக ஒதுங்கி, மறுபடி நேரானது. அந்த பஸ் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி ஒரு பேச்சை அதற்குள் யாரும் பேசியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். டேவி நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

ஆர்ச்சி மைக்கை எடுத்தார். தட்டிப் பார்த்தார். 

"தீர்ப்பு," என்றார். "அடுத்த மேட்ச்சுக்கு பொண்ணு வரலாம். கில்ட்டும் வரலாம். இந்த மாதிரிப் பேச்சு மட்டும் இந்த பஸ்ல ஏறக் கூடாது."

சிரிப்பு பின்சீட்டில் ஆரம்பித்து முன்னால் வந்தது. எஃபி உட்கார்ந்தாள். மடியிலிருந்த கோட்டை எடுத்து, குளிருகிறதா என்று கேட்டு, என்மேல் போர்த்திவிட்டாள்.